நாயின் அளவும் நம் வீட்டின் அளவும்

கண்டி நகரிலிருந்து வத்தேகம, பன்வில ஆகிய ஊர்களின் வழியே வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை மடுல்கெல்லையை அடையும்போது, பிரயாணியின் கண்களை முதலிற் கவர்வன நக்கிள்ஸ் மலைத்தொடரின் சிகரங்களும் அவற்றின் சரிவுகளிற் படர்ந்த தேயிலையுமே ஆயினும், அவர் அங்கே ஓர் இரவு தங்குவாராயின், அந்த ஊரின் வாழ்க்கையில் வேறொரு ஜீவனுக்கு எத்துணை பெரிய பங்கு உண்டென்பதைச் செவியாலேயே அறிந்துகொள்வார். தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயத்தில் தொடங்கும் நாயின் குரைப்பு அடுத்த லயத்துக்குத் தாவி, அங்கிருந்து பங்களா மேட்டுக்கு ஏறி, பள்ளத்தாக்கின் மறுகரைத் தோட்டம்வரை சென்று அடங்கும். தோட்டம் தோன்றிய காலந்தொட்டு இம்மலைகளில் மனிதனும் நாயும் ஒன்றாகவே வாழ்ந்து வருகிறார்கள். ஆதலால் நாய் வளர்ப்பதைப்பற்றி மடுல்கெல்ல மக்களுக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. அதனைக் குறித்தே இங்கே சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முன்னாளில் லயத்து நாய் என்பது ஒருவராலும் விலை கொடுத்து வாங்கப்பட்டதன்று. அது தானாக வந்து இஸ்தோப்பில் படுத்துக்கொண்டது, அல்லது அயலார் வீட்டில் ஈன்ற குட்டிகளுள் ஒன்றாக வந்து சேர்ந்தது. ‘ஜாதி நாய்’ எனப்படுவது துரையின் பங்களாவுக்கே உரியதாக இருந்தது. அதற்கென்று விசாலமான முற்றமும், வேளைக்கு இறைச்சியும், குளிப்பாட்டி உலாவ அழைத்துச் செல்ல ஓர் ஆளும் அங்கே இருந்தன. இன்றோ கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்புகையில் அல்சேஷன் குட்டியையோ ரொட்வைலர் குட்டியையோ அன்போடு கொண்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த அன்பை நான் மிகவும் மதிக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பங்களாவின் வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஒன்றைத் தன் வீட்டு வாசலிலும் காணவேண்டுமென்று ஓர் இளைஞன் விரும்புவதில் யாதொரு குற்றமும் இல்லை. எனினும் இரண்டு கையளவில் வந்து சேரும் அந்தக் குட்டி ஓராண்டில் முப்பது முப்பத்தைந்து கிலோகிராம் நிறையுள்ள பிராணியாக வளர்ந்து நிற்கும்போது, அது நிற்பதற்கு அந்த வீட்டில் இடமிருக்கிறதா என்னும் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதில்லை.

அளவைப்பற்றிப் பேசுமுன் அளவுகளை அறிந்துகொள்ளல் நன்று. உலகத்தில் வேறெந்த மிருகத்திலும் ஒரே இனத்துக்குள் இத்துணை பெரிய வேற்றுமை காண்பதற்கில்லை. சிவாவா எனப்படும் மெக்சிக்கோ நாய் மூன்று கிலோகிராமைத் தாண்டுவது அரிது; கிரேட் டேன் அறுபதையும் கடந்து செல்லும். இவற்றிடையே பொமரேனியன், டாஷ்ஹண்ட் முதலிய சிறியனவும், பத்துக் கிலோகிராமை ஒட்டிய பீகிள் போன்ற நடுத்தரத்தனவும், முப்பதை ஒட்டிய லாப்ரடோரும், நாற்பதுவரை வளரும் ஆண் அல்சேஷனும், ஐம்பதைத் தாண்டக்கூடிய ஆண் ரொட்வைலரும் வரிசைப்படுகின்றன. நம் ஊர்நாயோ பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட நிறையுடையது. ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணிக்குரிய மரபணுவில் உள்ள ஒரு சிறு வேறுபாடு நாய்களின் உருவச் சிறுமைக்குப் பெரிதும் காரணமாகின்றது என்று 2007ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டார்கள். உருவம் பெருகப் பெருக ஆயுள் குறுகுகின்றது என்பதும் நெடுங்காலமாக அவதானிக்கப்பட்ட உண்மை. நிறையில் ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் கூடுந்தோறும் ஆயுளில் ஒரு மாதம் குறைவதாக 2013இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொர்னேலியா கிராவுசும் அவருடன் ஆய்ந்தோரும் கணித்துக் கூறினார்கள். சிறிய நாய் பதினான்கு, பதினைந்து வருஷம் வாழ்வதும், கிரேட் டேன் எட்டாவது வயதிலேயே கிழமெய்துவதும் இதனால்தான். குழந்தையின் விளையாட்டுத் தோழனாக ஒரு நாயைக் கொண்டுவரும் பெற்றோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும். அக்குழந்தை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மிகப் பெரிய நாய் அதனை விட்டுப் பிரிந்துவிடும்.

இனி, வீட்டைப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் அமைந்த ஒரு காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் சேர்ந்ததே பழைய லயன் வீடு. சமையலும் அங்கேதான், பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான், பாட்டியின் படுக்கையும் அங்கேதான். இந்திய அரசாங்கத்தின் உதவியாலும் நம் அரசாங்கத்தின் திட்டங்களாலும் மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் தனித்தனியாகக் கட்டப்பட்ட புதிய வீடுகள் இதைவிட எவ்வளவோ மேலானவை. அவற்றைச் சுற்றி ஒரு சிறு முற்றமும் வேலி போட இடமும் உண்டு. ஆயினும் வீட்டின் சதுர அடியை மட்டும் கொண்டு நாயின் அளவை நிர்ணயிப்பது சரியான முறையன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரேட் டேன் பகலிற் பெரும் பகுதியைச் சோம்பிக் கிடந்தே கழிக்கும் சுபாவமுடையது. அதே நேரத்தில், எலியையும் நரியையும் துரத்துவதற்கென்றே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட சிறிய டெரியர் வகைகள் ஒரு கணமேனும் சும்மா இருக்கமாட்டா. ஆகையால் பெரிய வீட்டுக்குப் பெரிய நாய், சிறிய வீட்டுக்குச் சிறிய நாய் என்று சூத்திரம் வகுத்துவிட முடியாது. நாய் பகலெல்லாம் எங்கே இருக்கும் என்பதைக் காட்டிலும், மடுல்கெல்ல போன்ற ஓர் ஊரில் அது இரவெல்லாம் எங்கே இருக்கும் என்பதே முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அங்கீகரித்த இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பகுதிகளுள் நக்கிள்ஸ் வனமும் ஒன்று. அந்த வனத்தில் சிறுத்தை வாழ்கிறது. வனத்துக்கும் தேயிலைக்கும் இடையே அது எல்லைக்கோடு எதையும் அறியாது. இலங்கையில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. ஆகவே சிறுத்தையே இங்கு வேட்டை மிருகங்களுக்கெல்லாம் தலைமை வகிக்கிறது. மானும் மரையும் பன்றியும் அதன் இயல்பான ஆகாரம். ஆயினும் குடியிருப்புகளை ஒட்டி வாழும் சிறுத்தைக்கு நாயைப் போல எளிதில் அகப்படும் இரை வேறில்லை. மும்பை நகரின் விளிம்பிலுள்ள சஞ்சய் காந்தி தேசிய வனத்தில் வாழும் சிறுத்தைகளின் உணவில் நாய்கள் கணிசமான பங்கு வகிப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் தோட்டங்களிலும், இரவில் இஸ்தோப்பில் படுத்திருந்த நாய் காலையில் காணாமற் போயிருப்பதும், அறுந்த சங்கிலி மட்டும் எஞ்சியிருப்பதும் மக்கள் நன்கறிந்த சங்கதிகள்.

இதற்குப் பரிகாரமாகப் பெரிய நாயை வாங்கிக் கட்டிவிட்டால் போதுமென்று எண்ணுபவர்கள் பலர். அது தவறான நம்பிக்கை. இலங்கைச் சிறுத்தையின் ஆண் சராசரியாக 56 கிலோகிராம், பெண் 29 கிலோகிராம் நிறையுடையன என்று கணித்திருக்கிறார்கள். நாற்பது கிலோகிராம் அல்சேஷன் நிறையில் பெண் சிறுத்தையை மிஞ்சலாம்; ஆனால் மரங்களின்மீது இரையைத் தூக்கிச் செல்லும் வலிமையும், ஓசையின்றிப் பின்னால் வந்து குரல்வளையைக் கவ்வும் வித்தையும் கைவந்த ஒரு மிருகத்தின் முன்னே, சங்கிலியாற் கட்டப்பட்ட நாய் என்ன செய்யும்? அவிழ்த்துவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவிற் குடியேறி, வேட்டைநாய்க் கூட்டங்களைப் பேணி, மரையையும் பன்றியையும் துரத்தித் திரிந்த ஸாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் வேட்டை அனுபவங்களை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். உருவத்திலும் தைரியத்திலும் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட அந்நாய்கள், பன்றியின் கோரைப்பல்லுக்கும் மரையின் கொம்புக்கும் ஒவ்வொன்றாகப் பலியான வரலாறு அந்நூலிற் காணக்கிடக்கின்றது. கூட்டமாகச் சென்ற நாய்களுக்கே அக்கதியானால், தனியே கட்டிக்கிடக்கும் ஒரு நாயைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆதலின் மடுல்கெல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாய் வளர்ப்போர் யாவரும், சூரியன் சாய்ந்ததும் நாயைக் கதவுக்கு உட்புறம் வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது நான்கு புறமும் மேலேயும் உறுதியான கம்பி வலையிட்ட கூடு ஒன்று அமைக்க வேண்டும். இதனை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் அளவுக் கேள்வி தெளிவாகிவிடுகிறது. ஐந்து பேர் படுத்துறங்கும் காம்பராவின் கதவோரத்தில் எந்த நாய் தன் உடலை நீட்டிப் படுக்கமுடியுமோ, அதுவே அந்த வீட்டுக்குரிய நாய். பதினைந்து கிலோகிராம் ஊர்நாய் சாக்கொன்றின்மீது சுருண்டுகொள்ளும். ரொட்வைலரை அங்கே படுக்க வைத்தால் பாட்டி இஸ்தோப்புக்குப் போகவேண்டியிருக்கும். ஏழு பேர்ச் வீட்டாருக்கோ கூடு கட்ட இடமிருப்பதால், லாப்ரடோர் அளவுள்ள நாயை அவர்கள் நினைத்துப்பார்க்கலாம். காவலுக்கென்றே நாய் வேண்டுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: அந்நியன் வருகையை அறிவிப்பது குரல், அந்தக் குரலுக்கு முப்பது கிலோகிராம் தேகம் அவசியமில்லை. கதவுக்கு உள்ளே விழித்திருக்கும் சிறிய நாயின் செவி, வெளியே கட்டியிருக்கும் பெரிய நாயின் செவிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

அடுத்தது ஆகாரம். மிருக வைத்தியர்கள் நாயின் நிறையைக்கொண்டு அதன் அன்றாடச் சக்தித் தேவையைக் கணிக்கும் முறையின்படி, சாதாரணமாக ஓடியாடும் பதினைந்து கிலோகிராம் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரியும், முப்பத்தைந்து கிலோகிராம் நாய்க்கு ஏறத்தாழ 1,600 கிலோகலோரியும், அறுபது கிலோகிராம் நாய்க்கு 2,400 கிலோகலோரியும் வேண்டும். இரண்டாவது கணக்கு எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் தேவைக்கு நிகரானது. மூன்றாவது மலையேறிக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் தேவையையே எட்டுவது. தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் நாட்கூலி வாங்கிப் பிழைக்கும் குடும்பத்தில் இன்னொரு வாய் சேர்கிறது என்று பொருள். மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் போட்டு வளர்த்துவிடலாமே என்பார்கள். ஊர்நாய் அவ்வாறே வளர்ந்தது என்பது மெய். ஆனால் சோறு வயிற்றை நிரப்புமேயன்றித் தசையை வளர்க்காது. பெரிய ஜாதிக் குட்டிகளோ பதினெட்டு மாதம்வரை எலும்பு வளரும் பருவத்தில் இருப்பவை. அப்பருவத்தில் புரதம் குறைந்தாலும் கேடு. எலும்பு வலுக்கட்டும் என்று வைத்தியரைக் கேளாமற் சுண்ணாம்புச் சத்து மருந்தை அள்ளிப் புகட்டினாலும் கேடு. இடுப்பு மூட்டு நிலைகுலைந்து, நான்கு வயதிலேயே பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடக்கும் பெரிய நாய்களைக் காணும்போது மனம் மிகவும் வேதனைப்படுகின்றது. சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் பொருள். நம் கறிகளில் வெங்காயம் இல்லாதது எது? பெரிய தேகம் தாங்கிக்கொள்ளும் அளவு சிறிய தேகத்துக்கு நஞ்சாகிவிடும்.

மருந்துச் செலவும் நிறையைப் பின்தொடர்ந்தே செல்கிறது. பூச்சி மாத்திரை பத்துக் கிலோகிராமுக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. உண்ணிக்கு இடும் மருந்தும், மயக்க மருந்தும், நுண்ணுயிர்க்கொல்லியும் அவ்வாறே அளக்கப்படுகின்றன. உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டு நாய்களைப் பெரிதும் வருத்தும் வியாதியாகையால் இது சிறிய விஷயமன்று. இதைவிடப் பெரிய சிரமம் பிரயாணம். நாட்டிலேயே மிருக வைத்தியக் கல்விக்குரிய ஒரே பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருப்பது கண்டிப் பிரதேசத்தாரின் பாக்கியம். ஆனால் மடுல்கெல்லையிலிருந்து பேராதனை செல்ல மலையிறங்கிக் கண்டியையும் கடக்க வேண்டும். கூடையில் அடங்கும் நாயை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். எழுந்து நிற்க இயலாத முப்பத்தைந்து கிலோகிராம் நாயை லயத்துப் படிகளில் இறக்கி முச்சக்கரவண்டியில் ஏற்ற இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும்; அவர்களோ கொழும்பில் இருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்திலேயே நான் முக்கியமாக வலியுறுத்த விரும்பும் விஷயம் அடங்கியிருக்கிறது. நாயைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதனோடு பகல் முழுவதும் வாழ்பவர் இன்னொருவர் என்பதே இன்றைய மலையகக் குடும்பங்களின் நிலை. தகப்பனும் தாயும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் பாடசாலைக்கு, வீட்டில் மிஞ்சுபவர் பாட்டி ஒருவரே. ஆகவே நாயின் சங்கிலியைப் பிடிக்கப்போகும் கைகளுள் மிகவும் பலம் குன்றிய கை எதுவோ, அக்கையால் நிறுத்தி வைக்கக்கூடிய அளவே அந்த வீட்டுக்குத் தகுந்த அளவு. தபாற்காரரையோ அயல்வீட்டுப் பிள்ளையையோ கண்டு நாய் பாயும் தருணத்தில், நாற்பத்தைந்து கிலோகிராம் நிறையுள்ள ஒரு மூதாட்டியால் நாற்பது கிலோகிராம் அல்சேஷனை எங்ஙனம் தடுக்க முடியும்? தடுக்க முடியாதென்பது தெரிந்தவுடன் அந்த நாயை ஓயாமற் கட்டியே போடுகிறார்கள். ஓடுவதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி நான்கடிச் சங்கிலியில் வருஷக்கணக்காகக் கிடந்து, குரைத்து, மூர்க்கமாகி, இறுதியில் ஒருவராலும் நெருங்க முடியாததாகிவிடுகிறது. பெரிய நாய் கொடியது என்னும் அபவாதம் இவ்வாறுதான் பிறக்கிறது. அளவறிந்து தேர்ந்திருந்தால் அது நேர்ந்திராது.

மலைநாட்டின் நிலமும் காலநிலையும் தமக்குரிய நிபந்தனைகளை விதிக்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மிகுந்த இவ்விடத்தில், நீண்ட அடர்ந்த ரோமமுள்ள நாய் நனைந்தால் எளிதில் உலராது. தோலிற் சொறி பற்றும். ரோமத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அட்டையையும் உண்ணியையும் தேடி எடுக்கப் பொழுது போதாது. மிகச் சிறிய, குறுகிய ரோமமுள்ள நாயோ மார்கழிக் குளிரில் நடுங்கும். நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் உடைய டாஷ்ஹண்ட் அழகிற் சிறந்ததாயினும், லயத்துக்கும் பாதைக்குமிடையே நாளும் பல முறை படியேறி இறங்க நேர்வதால் அதன் முதுகெலும்புத் தட்டுகளுக்கு ஆபத்து விளையும். படிகள் மிகுந்த வீட்டார் அதனைத் தவிர்ப்பதே நலம். தமிழ்நாட்டின் ராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய புகழ்பெற்ற நாய்களை இங்கே வளர்க்க ஆசைப்படுவோரும் உண்டு. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டுக் கௌரவித்த நாய் ஜாதிகளுள் ராஜபாளையமும் ஒன்று என்பதில் தமிழர் அனைவரும் பெருமை கொள்ளலாம். ஆனால் அவை வெப்பமான சமவெளியில் வேகமாக ஓடுவதற்கென்றே விருத்தி செய்யப்பட்ட உயர்ந்த கால்களையுடையவை. செங்குத்தான தேயிலைச் சரிவிலும் ஈரக் குளிரிலும் அவற்றை அடைத்து வைப்பது அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

தமிழர் நாயைப் போற்றியது அதன் உருவத்தைக்கொண்டு அன்று என்பதற்குச் சான்றாக ஒரு கல் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், கள்வரோடு பொருது மாண்ட வீரனுக்கு எடுத்த நடுகல்லில், அவனுடன் நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த ஜாதி, எத்தனை முழ உயரம் என்று அக்கல் கூறவில்லை. எவ்வாறு காத்தது என்பதை மட்டுமே கூறுகிறது.

என் அபிப்பிராயத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். விசாலமான முற்றமும், கவனிக்க ஆளும், வைத்தியரிடம் கொண்டுசெல்ல வாகனமும் உள்ளவர்கள் பெரிய ஜாதி நாய்களைத் தாராளமாக வளர்க்கலாம். ஏழு பேர்ச் காணி வீட்டார், வேலியும் கூடும் கட்டிமுடித்த பின்னர், தினமும் ஒரு மணி நேரம் உலாவ அழைத்துச்செல்ல வாலிபர் ஒருவர் வீட்டோடு இருப்பாராயின், லாப்ரடோர் அளவுவரை போகலாம். லயத்தில் வாழும் அன்பர்களுக்கு இருபது கிலோகிராமுக்கு மேற்பட்ட நாய் வேண்டாம். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நம் ஊர்நாயையே, அதுவும் பெட்டையையே. பெட்டை என்றால் குட்டி போடுமே என்று அஞ்சி, பிறந்த சில தினங்களிலேயே பெண் குட்டிகளைச் சாக்கிற் கட்டிப் பாதையோரத்தில் எறிந்துவிட்டுச் செல்லும் கொடுமை நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஒரே ஒரு கருத்தடைச் சத்திரசிகிச்சையால் தீரும் அச்சம் அது. மலையின் மழைக்கும் குளிருக்கும் ஏறுமுகத்துக்கும் பல தலைமுறைகளாகப் பழகிய தேகமும், மிதமான ஆகாரத்தில் நிறைவு கொள்ளும் சுபாவமும், சிறு சந்தடிக்கும் விழித்துக்கொள்ளும் செவியும் உடைய ஒரு பிராணி நம் வாசலிலேயே பசியோடு நிற்கையில், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நமக்குப் பொருந்தாத ஒன்றைத் தேடிச் செல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

எந்த அளவினதாயினும், நாயை ஏற்றுக்கொண்டவர் அதன் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை வருஷந்தோறும் தவறாது போடுவிக்க வேண்டும். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேரைப் பலிகொண்ட அந்நோய், தடுப்பூசியின் பயனாகவே இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்னும் அளவுக்குக் குறைந்திருக்கிறது, முற்றாக அழியவில்லை. சுகாதாரப் பகுதியினர் இந்த ஊசியை நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறார்கள். நடமாடும் சேவை உங்கள் தோட்டத்துக்கு எப்போது வரும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் அமலில் இருப்பதால், உள்ளூராட்சி அலுவலகத்தில் நாயைப் பதிவு செய்வதும் உரிமையாளரின் கடமை. அடுத்த தீபாவளிக்கு ஊருக்குக் குட்டி கொண்டுவர எண்ணும் தம்பிமார், அதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் பாட்டியைக் கேளுங்கள்: எவ்வளவு பெரிய நாயை அவரால் பிடித்து நிறுத்த முடியும் என்று. அவர் சொல்லும் அளவில் ஒரு குட்டியைக் கொண்டுவாருங்கள்.